உயிருள்ள பிள்ளைக்கு லீவு இல்லை

தாய்மார் அறை, ஆஸ்பத்திரி
2024 ஜூன் 13

மாமா,

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே போன், அது உங்கள் சட்டைப் பையில். இங்கே பக்கத்துக் கட்டில்காரியின் போனை வாங்கிப் பேசினால் பதினான்கு தாய்மாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன தடவை நீங்கள் "சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். அக்கரப்பத்தனை மரக்கறி லொறியில் வரும் திலக்ஷன் தம்பி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கே சந்தைக்கு வருகிறார். ஆஸ்பத்திரி கேட்டில் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள். இன்றைக்குப் பத்தாவது நாள். இருபத்தொன்பது கிழமையில், ஏழாம் மாதத்திலேயே, பிறந்தபோது ஒரு கிலோ தொண்ணூறு கிராம். இப்போது ஒரு கிலோ முப்பது. முதலில் இறங்கித்தான் ஏறும் என்று நர்ஸ் மிஸ் சொன்னார். நம் மலையில் நாளைக்கு மூன்று தடவை தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று ஒரு தடவைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்களே, என் மகள் அந்தக் கழிவில் பாதி. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் இதைத்தான் நினைத்தேன். இத்தனை வருடமும் நாளைக்கு ஆறு பிள்ளைகளை அந்தத் தராசில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் பனிக்குடம் உடைந்து ஈரம் கால் வழியாக இறங்கியபோது, கொழுந்து நிறுத்து முடியாமல் லொறி கிளம்பாது என்றார்கள். முக்கால் மணித்தியாலம் கொழுந்துச் சாக்குகளின் மேல் சாய்ந்து கிடந்தேன். கொழுந்து வாடிவிடக் கூடாது என்று அதற்கு மேல் படங்கு விரித்தார்கள். எனக்கு விரிக்கவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இனி முக்கியமான விசயம். இவளுக்கு மூச்சு விட மறந்துவிடுகிறது. தூக்கத்தில் அப்படியே நிற்கும். நீலம் பாய்வதற்குள் மெஷினில் மணி அடிக்கும். உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். சுண்டினால் நினைவு வந்தது போல மறுபடி இழுப்பாள். நேற்று ஏழு தடவை சுண்டினேன். நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துத் துணியால் கட்டிக்கொண்டால் மறப்பது குறைகிறது. என் சூட்டிலும் என் மூச்சிலும் அவளுக்கு ஞாபகம் இருக்குமாம். ஒரு நாளில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் கட்டச் சொல்கிறார் டொக்டர். எனக்குத் தையல் சீழ் பிடித்துக் காய்ச்சல். காய்ச்சல் உள்ள நேரத்தில் கட்ட விடமாட்டார்கள். "அப்பாவை வரச் சொல்லுங்கள், அப்பாவின் நெஞ்சும் நெஞ்சுதான்" என்கிறார்.

ஒரு பிளாஸ்க், இரண்டு பருத்திச் சேலை. அவற்றை யாரிடமாவது அனுப்பலாம். உங்களை அனுப்ப முடியாது, நீங்கள்தான் வர வேண்டும்.

தர்ஷிகா


மேல் டிவிசன்
2024 ஜூன் 15

அன்புள்ள தர்ஷி,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். லொறி விசயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே.

நாளை ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மூன்று நாள் லீவு கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதை நேரில் பேசுவோம், இப்போது அது வேண்டாம். வானும் பிடித்திருக்கிறேன். சாமான்களை இன்றைக்கே திலக்ஷனிடம் அனுப்புகிறேன். பிளாஸ்க், சேலை இரண்டு, மூன்று கிலோ சீனி, தேயிலைத் தூள், பால்மா, கிரேக்கர் பிஸ்கட் ஒரு பெட்டி. வீட்டில் சேர்ந்துபோனது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கொடு.

என் சித்தப்பா மகள் தனலெட்சுமி உன்னைக் கேட்டாள். அவளுக்கும் வயிறு தெரிகிறது, ஐந்து மாதம். மாப்பிள்ளை கட்டாரில் இருப்பதால் சித்தப்பா வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் நான் அதிகம் பேசவில்லை. இந்த நேரத்தில் அவளைப் பயப்படுத்தக் கூடாது.

ஒன்று சொல்கிறேன், கேள். நம் தோட்டத்து ஆட்கள் யாராவது கிளினிக்குக்கு வந்தால் அவர்களிடம் நின்று பேசாதே. திலக்ஷனிடமும் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாதே. கண்பட்டுவிடும்.

சதீஸ்


தாய்மார் அறை
2024 ஜூன் 28

சதீஸ்குமாருக்கு,

நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு வெட்கத்தோடு உட்கார்ந்தீர்கள். மிஸ் பிள்ளையைத் தூக்கி உங்கள் நெஞ்சில் வைத்துக் கட்டினார். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவைகூட அவள் மூச்சை மறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை நீங்கள் போன பிறகு நான் எல்லாரிடமும் சொன்னேன், எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சில் இருந்தால் மணியே அடிக்காது என்று.

நேற்று நம் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் பேச்சியம்மா அக்கா சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்திருந்தார். நான் பால் கறந்த கோப்பையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடைபாதையில் என்னைக் கண்டதும் கையிலிருந்த மருந்துத் துண்டைக் கீழே போட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அடி தர்ஷிகா, நீ இன்னும் வீட்டுக்கு வரலியாடி. ஒடம்பு தேறலியா."

"இல்லக்கா."

"புள்ளைய எங்க பொதைச்சாங்கன்னு ஒனக்காவது காட்டுனாங்களா? சதீஸ் கேட்டதுக்கு ஆஸ்பத்திரியிலயே அடக்கிட்டாங்கன்னு சொன்னான். லயத்துல வெள்ளைத் துணி கட்டி, வந்தவங்களுக்குக் கட்டன் சாயத் தேத்தண்ணி ஊத்தி, எல்லாம் மொறையாதான் செஞ்சோம். நீ அதுக்குக் கவலப்படாத."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நீங்கள் அனுப்பிய சீனி விளங்கியது. தேயிலைத் தூள், பிஸ்கட் பெட்டி, மூன்று நாள் லீவு, வான், எல்லாம் வரிசையாக விளங்கின. நான் சாவு வீட்டுச் சீனியைத்தான் பத்து நாளாகக் கரைத்துக் குடித்திருக்கிறேன். அதில்தான் எனக்குப் பால் ஊறியிருக்கிறது.

நான் செய்ததையும் கேளுங்கள். பால் கோப்பையை முந்தானைக்குள் மறைத்தேன். பேச்சியம்மா அக்கா அழ அழ நானும் தலையை ஆட்டினேன். "ஆமாக்கா, காட்டல" என்றேன். இருபது அடி தள்ளி, கதவுக்குப் பின்னால், அவள் பசியில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நேற்று மட்டும் மணி பதினோரு தடவை அடித்தது.

ஏன் என்று எழுதுங்கள். மன்னிப்பு எழுத வேண்டாம்.

தர்ஷிகா


மேல் டிவிசன்
2024 ஜூலை 1

தர்ஷி,

ஏன் என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே ஒப்பீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா நல்ல மனிதர்தான், புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "சாவுன்னா மூணு நாள் இருக்கு தம்பி. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா, புள்ள பொட்டியில இருக்குன்னா அதுக்கு ஒண்ணும் இல்ல. வராட்டி பேர் விழாது, அன்னைக்குச் சம்பளமில்ல. மூணு நாள் தொடர்ந்து வராட்டி வேலைய நிறுத்தக் கடுதாசி அடிப்பாங்க." அங்கிருந்து மாயாண்டி மாமாவிடம் போனேன். மரண சகாய சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். நம் டிவிசனில் சாவு விழுந்தால் வான் பிடிப்பது, சீனி தேயிலை சேர்ப்பது, வெள்ளைத் துணி கட்டுவது எல்லாம் நாங்கள்தான். சாவுகளைப் பதியும் சங்கப் புத்தகத்தை இரண்டு வருடமாக நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சங்கத்து வானைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"சங்கம் அதுக்கு இல்லையே சதீஸு. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்குக் காச்சல்காரனும் கேப்பான். அப்பிடி ஏதும் ஆச்சுன்னா சொல்லு, ஒரு மணித்தியாலத்துல எல்லாம் செஞ்சிருவோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் வாசற்படியில் இறங்கினேன். திரும்பினேன். "ஆயிருச்சு மாமா" என்று என் வாய் சொல்லிவிட்டது. "காலையிலயே ஆயிருச்சு. எனக்குச் சொல்ல வரல."

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. நம் வாசலில் பெஞ்சு வந்தது, கூடாரம் வந்தது, வான் வந்து நின்றது. தண்ணீர்ப் பீலிச் சண்டைக்குப் பிறகு மூன்று வருடம் என் முகத்தைப் பார்க்காதவன் வந்து என் கால் சேற்றைக் கழுவிவிட்டான். ஒப்பீசிலிருந்து கேட்காமலேயே லீவுத் துண்டு வந்தது. நம் ஆட்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று எனக்குத் தெரியாது தர்ஷி. ஆனால் செத்துத்தான் அந்த நல்லதை வாங்க வேண்டும். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அழுதது நடிப்பு இல்லை. கோபத்தில் அழுதேன். இதில் பாதியை உயிரோடு இருக்கிறவளுக்குக் கொடுத்திருந்தால் என்ன.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் நீ என்னைத் திரும்பப் பார்க்க மாட்டாய். சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் பொய். அவள் பிறந்த அன்றைக்கு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூன்று நாள் தாண்டினால் பார்ப்போம்" என்றார். உன்னிடம் சொல்லவில்லை. அவள் தாண்டிவிட்டாள் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியும் நான் நம்பவில்லை. மாயாண்டி மாமாவிடம் சொல்லும்போது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, எப்படியும் ஆகப்போகிறதுதானே, நான் கொஞ்சம் முந்திச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகுதான் அவள் என் நெஞ்சில் வந்து படுத்தாள்.

சதீஸ்


தாய்மார் அறை
2024 ஜூலை 9

நீங்கள் எழுதியதை வாசித்தேன். வாசித்த அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி. நெஞ்சிலிருந்து எடுத்து மறுபடி பெட்டியில் போட்டு, மூக்கில் குழாய் வைத்து, தலை மயிரைச் சிரைத்து அங்கே ஊசி குத்தினார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஐந்து நாள் நான் அவளைத் தொடவில்லை. பெட்டியில் இருக்கும் ஓட்டை வழியாக விரலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்தவள், உங்கள் சொல்லுக்கும் கிருமிக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் மணி அடிக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைத் துணிதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

இன்றைக்கு ஒரு கிலோ இருநூற்று அறுபது. காய்ச்சல் இறங்கியிருக்கிறது.

இங்கே ரினோஸா அக்கா என்று ஒருவர் வருகிறார். ஹட்டனில் அவர் வீட்டுக்காரர் ஸஃப்வான் நானாவுக்குத் துணிக்கடை. வியாழக்கிழமை தோறும் கடையில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை இரண்டரை மீட்டராக வெட்டித் துவைத்து மடித்துக் கொண்டுவந்து தாய்மாருக்குக் கொடுப்பார், பிள்ளையைக் கட்டிக்கொள்ள. கிருமி வந்த அன்று நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ட மகன் எழுநூத்தி எம்பது கிராம்ல பொறந்தவர்," என்றார். "இப்ப ஆறு வயசு. சோடாப் புட்டிக் கண்ணாடி. போட்டதும் கழட்டி எறியிறார், நான் தேடுறன். ஒரு நாளைக்கு மூணு தடவ தேடுறன் தங்கச்சி. தேடக்குள்ள, புள்ள இருக்காரே எண்டு அல்லாவுக்கு சுக்ர் சொல்லிட்டுத்தான் தேடுறன்."

நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்து ஒரு மாதம் இருக்கும்.

இங்கே மிஸ்மாருக்குத் தமிழ் வராது. நம் தோட்டத்துப் பெண்களுக்குச் சிங்களம் பாதிதான் வரும். ஊட்டுக் குழாயைக் கழுவு என்றால் கழற்று என்று விளங்கிக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கிறேன். துணி கட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். முடிச்சு முதுகில் எங்கே வர வேண்டும் என்று கொழுந்துக்கூடை சுமந்தவளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. சுமை முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு. 14ஆம் திகதி சங்கக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு வாருங்கள். அதுவரைக்கும் வராதீர்கள். புதைத்துவிட்டு வந்த நெஞ்சில் அவளை நான் வைக்க மாட்டேன்.

தர்ஷிகா


மேல் டிவிசன்
2024 ஜூலை 15

தர்ஷி,

எழுந்து நின்றேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாயாண்டி மாமா, "நம்ம செயலாளர் தம்பி தன் வீட்டு நஷ்டத்துக்குப் பெறகும் சங்கத்து வேலைய விடாம பாக்குறாரு" என்று சொல்லி எல்லாரையும் ஒரு நிமிசம் எழுந்து நிற்க வைத்தார். நாற்பது பேர் தலையைக் குனிந்து நின்றார்கள். நானும் குனிந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

கோழை என்று சொல், சரி. ஆனால் யோசித்துப் பார். சங்கத்தை விட்டு நீக்கினால் நம் வீட்டில் நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. பொய் சொல்லி லீவு வாங்கினான் என்று ஒப்பீசில் பேரை வெட்டினால் நாம் இருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அவளை எங்கே கொண்டுவந்து படுக்க வைப்பது?

நேற்றிலிருந்து யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் வாசி. ஆஸ்பத்திரிகளில் பெற்றுப்போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்களே, அப்படி ஒரு பிள்ளையை நம் பிள்ளை போன துக்கத்தில் நீ எடுத்து வளர்ப்பதாகச் சொல்லலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நல்ல காரியம் என்றுகூடச் சொல்வார்கள். நமக்குத் தெரிந்தால் போதாதா, அவள் யார் என்று.

சதீஸ்


தாய்மார் அறை
2024 ஜூலை 18

சதீஸ்குமாருக்கு,

இன்று பதிவுகாரர் வந்தார். பெயர் மிதுஷா. தாய் தர்ஷிகா. தகப்பன் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். உங்கள் பெயரைச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் வயிற்றைக் கிழித்து எடுத்தவளை யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லச் சொல்கிறீர்கள். ஒரு தடவை புதைத்தது போதாதா?

இனி எழுத வேண்டாம். திலக்ஷனிடம் சொல்லிவிட்டேன்.


மேல் டிவிசன்
2024 ஆகஸ்ட் 8

தர்ஷிகாவுக்கு,

திலக்ஷன் வாங்க மாட்டேன் என்றான். கெஞ்சிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் வாசி.

தனலெட்சுமி அங்கே வந்திருப்பாள், பார்த்திருப்பாய். எப்படி வந்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வயிற்று வலி. ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. முகம் வீங்கி, கண் மங்குகிறது என்கிறாள். சிவசாமி சித்தப்பா வானுக்கு ஆள் அனுப்பப் போனார். வாசலில் நின்ற பெண்கள் தடுத்தார்கள். கெடுதலாக இல்லை, பாசத்தில்தான்.

"ஏழு மாசத்துல வாரது நிக்காதுண்ணே. சதீஸ் புள்ளைக்கு என்ன ஆச்சு, பாத்தோம்தானே. அவ்வளவு தூரம் குலுக்கிக் கொண்டு போயி, பெத்தவளையும் சேத்து ஏன் வதைக்கணும். மருத்துவிச்சியம்மா வரட்டும், தாயையாவது காப்பாத்துவோம்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்ன சதீஸு, நீ அனுபவப்பட்டவன். சொல்லு."

நான் சொல்லவில்லை. தர்ஷி, நான் அங்கே ஒரு மணித்தியாலம் நின்றேன். வாசல் திண்ணை ஸ்தோப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் கத்துகிறாள், வெளியே அவர்கள் என் மகளின் சாவைச் சொல்லிச் சொல்லி அவளை அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள். என் வாயில் ஒரு சொல் இருக்கிறது, அதைத் துப்பினால் போதும். ஒரு மணித்தியாலம். நேரத்தைக் குறைத்துச் சொல்லாமல் சொல்கிறேன்.

பிறகு அவளுக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் கத்தினேன். "என் புள்ள சாகல. நான் பொய் சொன்னேன். என் புள்ள ஒரு கிலோவுல பொறந்து ஆஸ்பத்திரியில உசுரோட இருக்கு. தூக்குங்கடா இவள."

மாயாண்டி மாமா என் முன்னால் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, "வான எடு" என்றார். நாலு பேர் கம்பளியோடு தூக்கினார்கள். என்னை ஏற விடவில்லை.

சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். சாவுப் பதிவை நானே என் கையால் வெட்ட வேண்டும் என்றார் மாயாண்டி மாமா. எல்லாரும் பார்க்க வெட்டினேன். ஒப்பீசில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணையாம். லயத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேச்சியம்மா அக்கா மட்டும் நேற்று வந்து திட்டினார். திட்டி முடித்துவிட்டு அந்த அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "செத்தாத்தான் குடுக்கணும்னு ரூல்ஸ் எழுதுனவன் ஆம்பள. பெத்தவ எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பா." இன்று காலை வாசலில் ஒரு சாக்கு இருந்தது. பழைய பருத்திச் சேலைகள், பதினேழு. ஆஸ்பத்திரியில் பிள்ளை கட்ட என்று அக்கா லயம் லயமாக வாங்கியிருக்கிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மிதுஷா எத்தனை கிலோ என்று மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்பு. அது போதும்.

சதீஸ்


தாய்மார் அறை
2024 ஆகஸ்ட் 12

மாமா,

மிதுஷா ஒரு கிலோ எண்ணூற்று எழுபது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். மணி அடித்து ஆறு நாள் ஆகிறது. அடுத்த கிழமை கொண்டுபோகலாம் என்கிறார்கள். எங்கே கொண்டுபோவது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை.

தனலெட்சுமிக்கு அறுவை செய்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. ஒரு கிலோ இருபது கிராம். அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பிரஷர் தலைக்கு ஏறியிருக்கிறது. "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால்..." என்று டொக்டர் ஆரம்பித்து நிறுத்தினார். அந்த ஒரு மணித்தியாலம் எது என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அது உங்களிடம் இருக்கட்டும்.

பிள்ளை மூச்சை மறக்கிறான். மிதுஷாவை விட மோசம். நேற்று பத்தொன்பது தடவை. பெட்டிகள் நிரம்பிவிட்டன, ஒரு பெட்டியில் இரண்டு பிள்ளைகள். அவனை நெஞ்சில் கட்ட ஆள் இல்லை. தாய் கிடக்கிறாள், தகப்பன் கட்டாரில், சித்தப்பாவுக்கு இருமல், கிட்ட விடமாட்டார்கள். என்னிடம் ஒரு நெஞ்சுதான் இருக்கிறது. இரண்டு நாளாக மிதுஷாவை இறக்கிவிட்டு அவனைக் கட்டினேன், அவனை இறக்கிவிட்டு அவளைக் கட்டினேன். இரண்டும் அழுகின்றன.

உறவில் யாராவது வேண்டும் என்று மிஸ் கேட்டார். ரினோஸா அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், பிள்ளைக்குத் தாய்மாமன் முறையில் ஒருவர் இருக்கிறார் என்று. மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவோம் என்று சிங்களத்தில் சொல்லி விளங்க வைத்தேன். சரி, வரச் சொல் என்றார். சித்தப்பாவிடமும் கேட்டேன். சொன்னார்: "அவன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். புள்ள பாக்கட்டும்."

அதனால் வாருங்கள். மிதுஷாவுக்காக இல்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தனலெட்சுமியின் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை, ஒவ்வொரு நாளும், அவன் தேறும் வரை. இப்போது உங்களுக்கு லீவு கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். நம் மகளை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியாது.

பேச்சியம்மா அக்காவின் சேலைகளைக் கொதிதண்ணீரில் போட்டு, வெயிலில் காய வைத்துக் கொண்டுவாருங்கள். வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேல் கட்டுங்கள், ஆனால் புகை பிடிக்கக் கூடாது. ரினோஸா அக்காவின் துணி இந்தக் கிழமை போதவில்லை. நகத்தை வெட்டுங்கள். நெஞ்சில் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். விபூதி, எண்ணெய், தோட்டத்தில் மருந்தடிக்கும் வாடை எதுவும் இருக்கக் கூடாது.

மணி அடித்தால் பயந்து கத்தாதீர்கள். மிஸ்ஸைத் தேடி ஓடாதீர்கள். அவன் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். துணிக்குக் கீழே வலது கால் வெளியே தொங்கும். உள்ளங்காலில் சுண்டுங்கள். மூச்சு வரவில்லை என்றால் இன்னும் பலமாகச் சுண்டுங்கள். வரும். அது வரும் வரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

தர்ஷிகா